சோலாரா, காற்றாலையா, நீர்மின்சாரமா: கார்பன் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

வளரும் நாடுகளில் கார்பன் உமிழ்வைக் குறைக்க சோலார், காற்றாலை, நீர்மின்சாரம், புவிவெப்பம் இவற்றில் எது சிறந்தது, ஒன்றோடு ஒன்றை எப்படி ஒப்பிட்டு மதிப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் கொஞ்சம் நீளமாகப் போகும். முதல் இடம், இரண்டாம் இடம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடலாம், ஆனால் அந்தப் பட்டியல் எந்த நாட்டுக்கும் பொருந்தாது. ஒரு சோலார் பேனலைத் தூத்துக்குடியில் வைத்தால் அது தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு மிச்சமாகும். அதே பேனலை எத்தியோப்பியாவில் வைத்தால் உள்நாட்டுக் கணக்கில் ஏறக்குறைய எதுவும் மிச்சமாகாது, ஏனென்றால் அங்கே மின்சாரம் பெரும்பாலும் அணைகளிலிருந்துதான் வருகிறது. பேனல் கம்பிக்கு மின்சாரம் அனுப்பிய அந்த நேரத்தில் எந்த மின்நிலையம் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டது? என்னைக் கேட்டால் மதிப்பீடு முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

மின்கட்டமைப்பில் உற்பத்தியும் தேவையும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருந்தாக வேண்டும். ஜூன் மாதம் முப்பந்தல் பக்கம் காற்று திடீரென்று ஏறுகிறது, 500 மெகாவாட் கூடுதலாக வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்லும் லோடு டெஸ்பாட்ச் சென்டரில் இருப்பவர்கள் உடனே வேறு எதையாவது 500 மெகாவாட் குறைக்கச் சொல்ல வேண்டும். கூடங்குளம் அணுமின் நிலையத்தைக் குறைக்க மாட்டார்கள். அனல்மின் நிலையத்தைத்தான் குறைப்பார்கள். அங்கே எரியாமல் போன நிலக்கரிதான் காற்றாலையின் உண்மையான கார்பன் வரவு, யூனிட்டுக்கு 0.9 முதல் 1 கிலோ வரை. இந்தியாவின் மொத்த மின்சாரத்துக்குச் சராசரி எடுத்தால் யூனிட்டுக்கு 0.7 கிலோ அளவில்தான் வரும், ஏனென்றால் அந்தச் சராசரிக்குள் நீர், அணு, சோலார் எல்லாமே கலந்திருக்கின்றன. நிறைய அறிக்கைகள் இந்தச் சராசரியை எடுத்து யூனிட்டோடு பெருக்கிவிட்டு அத்தோடு முடித்துக்கொள்கின்றன. அது தோராயத்துக்கு ஆகும், எங்கே பணத்தைப் போடலாம் என்று முடிவெடுக்க ஆகாது.

வளரும் நாடுகளில் மிச்சமாகும் கார்பனுக்குச் சான்று தந்த ஐ.நா.வின் தூய்மை மேம்பாட்டு முறையில் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருந்தார்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கிற நிலையங்களில் எது குறையும் என்பதற்கு ஒரு எண், இனிமேல் கட்டப்போகிற நிலையங்களில் எது கட்டப்படாமல் போகும் என்பதற்கு இன்னொரு எண். காற்றுக்கும் சோலாருக்கும் முதலாவதற்கு 75 சதவீதம், இரண்டாவதற்கு 25 சதவீதம் எடை கொடுத்துச் சேர்ப்பார்கள். நம் மத்திய மின்சார ஆணையம் இந்த எண்களை ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். வேகமாக வளரும் நாட்டில் அந்த இரண்டாவது எண்ணை அலட்சியம் செய்யக்கூடாது. இன்று ஒரு அனல்மின் நிலையம் கட்டினால் அது 30, 40 வருஷம் ஓடும். அது கட்டப்படாமல் போவதுதான் பெரிய சேமிப்பு.

இப்போது கென்யாவைப் பாருங்கள். அங்கே மின்சாரத்தில் சுமார் 90 சதவீதம் ஏற்கனவே புதுப்பிக்கத்தக்கது, பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் புவிவெப்பம், மீதியில் நீரும் காற்றும். நள்ளிரவில் தேவை விழுந்துவிடும். அப்போது ஓல்கரியா புவிவெப்ப நிலையத்தில் சுழலியைக் குறைத்து, வருகிற நீராவியை வானத்தில் விட வேண்டிய நிலை கூட வருகிறது. அந்த நேரத்தில் ஒரு புதுக் காற்றாலை யூனிட் வந்தால் அது மிச்சப்படுத்துவது ஏற்கனவே சுத்தமாக இருக்கிற மின்சாரத்தைத்தான். அதே நாட்டில் இரவு எட்டு மணிக்கு எண்ணெயில் ஓடும் என்ஜின் நிலையங்களை இயக்குகிறார்கள். அந்த நேரத்து யூனிட்டுக்கு நல்ல மதிப்பு உண்டு. ஆக ஒரே காற்றாலை, ஒரே நாள், சில மணி நேர இடைவெளியில் கார்பன் மதிப்பு சுழியத்திலிருந்து முக்கால் கிலோ வரை மாறுகிறது. ஆண்டுச் சராசரியில் இது தெரியவே தெரியாது. எத்தியோப்பியாவிலும் அப்படித்தான், பகலில் வருகிற சோலார் அணையில் தண்ணீரை மிச்சம் வைக்கும், அந்தத் தண்ணீரை மாலையில் கென்யாவுக்கு ஏற்றுமதி செய்து அங்கே எண்ணெயைக் குறைத்தால் அப்போது அதற்குக் கார்பன் வரவு உண்டு. மின்பாதை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அடுத்தது மெகாவாட் மயக்கம். "1000 மெகாவாட் சோலார் திறந்தோம்" என்று செய்தி வந்தால் 1000 மெகாவாட் நிலக்கரிக்கு ஈடு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு மெகாவாட் சோலார் வருஷத்துக்கு ஏறத்தாழ 16 லட்சம் யூனிட் தரும். நல்ல இடத்தில் நிற்கும் புதிய காற்றாலையானால் மெகாவாட்டுக்கு 25 லட்சம் யூனிட்டுக்கு மேல் எதிர்பார்க்கலாம். 70 சதவீதத் திறனில் ஓடும் நிலக்கரி 61 லட்சம். புவிவெப்பம் 70 லட்சம் யூனிட் அளவுக்குக் கூடப் போகும். எனவே ஒப்பிடும்போது மெகாவாட்டை மறந்துவிட்டு யூனிட்டைப் பாருங்கள், அப்புறம் அந்த யூனிட் எந்த மாதம், எந்த மணியில் வருகிறது என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் இது கண்கூடு. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைகிறது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காற்றாலைச் சீசன். 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது இன்று 10,000 மெகாவாட்டுக்கும் மேல் நிற்கிறது. சீசனில் ராத்திரியும் காற்று உண்டு, மாலை உச்ச நேரத்துக்கும் கைகொடுக்கும். ஆனால் 2024இல் மாநிலத்தின் உச்சத் தேவை எப்போது வந்தது தெரியுமா? மே 2ஆம் தேதி, 20,830 மெகாவாட். அந்தத் தேதியில் சீசன் தொடங்கியிருக்காது. சோலார் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நன்றாகத் தரும், ஐப்பசி கார்த்திகை மழையில் குறையும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எப்போதுமே கிடையாது. இரண்டும் ஒன்றுக்கொன்று நன்றாகவே இட்டு நிரப்புகின்றன, ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களின் இரவு ஏழு மணிக்கு இரண்டுமே கை கொடுக்காது. அங்கேதான் அனல் நிலையம் ஓடியாக வேண்டியிருக்கிறது.

சரி, பகலில் அணைத்துவிட்டு இரவில் மட்டும் ஓட்டலாமே என்றால் முடியாது. நிலக்கரிக் கொதிகலனை அப்படி நினைத்தபோது அணைத்து ஏற்ற முடியாது. அதற்கு ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு, இந்திய விதிப்படி இப்போது 55 சதவீதம், படிப்படியாக 40க்குக் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். பகலில் சோலார் நிறைய வந்தாலும் இரவுத் தேவைக்காக அந்த நிலையம் 55 சதவீதத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், அந்தக் குறைந்த சுமையில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாக நிலக்கரி தின்னும். அதற்குக் கீழே குறைக்க முடியாதபோது காற்றாலையையும் சோலாரையும் நிறுத்தச் சொல்வார்கள், காற்றாலைக்காரர்கள் இதை 'பேக் டவுன்' என்பார்கள். ஆகவே முதல் ஆயிரம் மெகாவாட் சோலாருக்கு இருந்த கார்பன் மதிப்பு பத்தாவது ஆயிரத்துக்கு இருக்காது. சேமிப்பு வசதி, மின்பாதை, பழைய அனல் நிலையங்களைக் குறைந்த சுமையில் ஓட்டும்படி மாற்றுவது, இவை சேர்ந்தால்தான் மதிப்பு மறுபடி ஏறும்.

சேமிப்பு என்றதும் பேட்டரி இருந்தால் பசுமை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கோவை மாவட்டத்தில் காடம்பாறை இருக்கிறது, 400 மெகாவாட், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றி இறக்குவதில் கால் பங்கு வரை போய்விடும். சீசன் காற்றில் ஏற்றினால், நிறுத்தியிருக்க வேண்டிய மின்சாரம் பயன்படுகிறது, அருமை. நிலக்கரி மின்சாரத்தில் ஏற்றினால் திரும்பி வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1.3 கிலோ கார்பன் சேர்ந்துவிடுகிறது. சாதனம் அதே சாதனம்தான்.

இவ்வளவும் தொழில்நுட்பம். வளரும் நாடுகளில் இதைவிடப் பெரிய தடை வட்டி, அதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு மெகாவாட் சோலாருக்கு 4 கோடி ரூபாய் செலவு, வருஷத்துக்கு 16 லட்சம் யூனிட், 25 வருஷம். பணத்தின் விலை, அதாவது வட்டி, 5 சதவீதமாக இருந்தால் ஆண்டுத் தவணை சுமார் 28 லட்சம், யூனிட்டுக்கு ரூ. 1.77. பத்து சதவீதமானால் தவணை 44 லட்சம், யூனிட் ரூ. 2.75. பதினைந்து சதவீதமானால் 62 லட்சம், யூனிட் ரூ. 3.87. பராமரிப்பைக் கூட நான் சேர்க்கவில்லை. அதே பேனல், அதே வெயில், வட்டி மட்டும் மாறியதில் விலை இரண்டு மடங்குக்கு மேல். நிலக்கரி, எரிவாயு நிலையங்களில் செலவின் பெரும்பகுதி எரிபொருள், அது வருஷா வருஷம் வாங்குவது, வட்டி ஏறினால் அவ்வளவு அடி விழாது. சோலாரிலும் காற்றாலையிலும் 25 வருஷத்துச் செலவை முதல் நாளே கொட்ட வேண்டும். வெயில் கொட்டிக் கிடக்கிற ஆப்பிரிக்க நாட்டில் சோலார் விலை அதிகமாகவும், மேகமூட்டமான ஐரோப்பிய நாட்டில் குறைவாகவும் வருவதற்கு இதுதான் காரணம். அதோடு கடன் டாலரில் வாங்கி வருமானம் உள்ளூர்ப் பணத்தில் வந்தால், பணமதிப்பு சரியும் ஒவ்வொரு முறையும் தவணை கனக்கும். இந்தியாவில் 2017 மே மாதம் ராஜஸ்தான் பட்லாவில் ரூ. 2.44, 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் ரூ. 1.99 என்று வந்ததற்குப் பேனல் விலை இறங்கியது பாதிக் காரணம். பணம் போட்டவர்களுக்கு வந்த நம்பிக்கை மீதிப் பாதி. நிலத்தையும் மின்பாதையையும் அரசு தயார் செய்து கொடுத்தது, 25 வருஷத்துக்கு வாங்குகிறோம் என்று உறுதி சொன்னது, அதனால் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைத்தது. ஆகவே ஒரு நாட்டுக்கு எந்தத் தொழில்நுட்பம் பொருந்தும் என்று பார்க்கும்போது அந்த நாட்டின் மின்வாரியம் பில்லை நேரத்துக்குக் கட்டுமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேகமாகச் செய்து மாட்டிக்கொண்ட கதை வியட்நாம். 2017இல் சோலாருக்கு யூனிட் 9.35 அமெரிக்க சென்ட், 20 வருஷத்துக்கு உறுதி, 2019 ஜூன் 30க்குள் ஓடத் தொடங்க வேண்டும் என்று அறிவித்தார்கள். 2018 வரை பெயருக்குத்தான் சோலார் இருந்தது. 2020 கடைசியில் 16,000 மெகாவாட்டுக்கும் மேல். உலகத்தில் எந்த நாடும் அவ்வளவு குறுகிய காலத்தில் அப்படி ஏறியது அபூர்வம். இரண்டாவது கெடு முடிவதற்குள் கூரை சோலார் விலையைப் பிடித்துவிட வேண்டும் என்று பண்ணைக் கொட்டகை என்ற பெயரில் கூரைகள் போட்டார்கள். பெரிய நிலையங்கள் எல்லாம் எங்கே போய் உட்கார்ந்தன? தெற்கே நின் துவான், பின் துவான் மாகாணங்களில், ஏனென்றால் நாட்டிலேயே வெயில் அதிகம், மழை குறைவு, நிலம் மலிவு. அங்கே தொழிற்சாலைகள் குறைவு, மின்பாதைகள் பலவீனம். நண்பகலில் உற்பத்தியாகிற மின்சாரத்தை வெளியே கொண்டுபோக வழியில்லாமல் நிலையங்களை நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டியதாயிற்று.

அப்புறம் 2023 மே, ஜூனில் வட வியட்நாமில் வறட்சி, அணைகள் வற்றின, ஹனோய் சுற்றிலும் தொழிற்பேட்டைகளில் மின்வெட்டு. தெற்கில் சோலார் இருக்கிறது, வடக்கில் இருட்டு, நடுவில் போதுமான மின்பாதை இல்லை. 2024 ஆகஸ்டில் குவாங் டிராக்கிலிருந்து ஃபோ நோய் வரை 519 கிலோமீட்டர் நீளத்துக்கு 500 கிலோவோல்ட் பாதையை அவசர அவசரமாகக் கட்டி முடித்தார்கள். இதிலிருந்து சோலார் தோற்றது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பேனல்கள் சொன்னபடி வேலை செய்தன. விலையை நாடு முழுக்க ஒரே மாதிரி வைத்ததும், பாதைக்கு முன்னால் நிலையத்தைக் கட்டியதும்தான் பிழை. சோலார் பூங்காவை ஆறு மாதத்தில் கட்டிவிடலாம், உயர் அழுத்த மின்பாதைக்கு நிலம் கேட்டு, காடு தாண்டி, கோபுரம் ஏற்றி முடிக்கச் சாதாரணமாக ஐந்தாறு வருஷம் ஆகும். இந்த வேக வித்தியாசத்தை மதிப்பீட்டில் சேர்க்காதவர்கள் எல்லோரும் வியட்நாமின் வழியில்தான் போவார்கள்.

கென்யாவும் இதைப் பட்டது. துர்கானா ஏரிப் பக்கம் 365 காற்றாலைகள், 310 மெகாவாட், உலகத்திலேயே நல்ல காற்று வீசும் இடங்களில் ஒன்று. 2017இல் காற்றாலைகள் தயார். சுஸ்வா துணை மின்நிலையம் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய மின்பாதை 2018 செப்டம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்துக்கு ஒரு யூனிட் கூட வாங்காமல் அரசு இழப்பீடு கட்ட வேண்டியிருந்தது, அந்தச் சுமை கடைசியில் சாதாரண மக்களின் பில்லில்தான் வந்து விழும். நிலம் தொடர்பாக அங்குள்ள மேய்ச்சல் சமூகங்கள் தொடுத்த வழக்கில், நிலம் பெறப்பட்ட விதம் சட்டப்படி இல்லை என்று மேரு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. மேய்ச்சல் நிலத்தை 'தரிசு' என்று எழுதிவிட்டு வேலி போடுவது நம் ஊரிலும் நடக்கிறது. கர்நாடகத்தில் பாவகடா சோலார் பூங்காவில் வேறு வழி பிடித்தார்கள், விவசாயிகளிடமிருந்து நிலத்தை வாங்காமல் ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். அதிலும் நிலமில்லாத கூலிக்காரர்களுக்கு வேலை போனது என்ற குறை உண்டு, ஆனாலும் விற்று வெளியேறுவதைவிட நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

புவிவெப்பத்தின் சிக்கல் வேறு மாதிரி. ஓல்கரியாவில் முதல் 15 மெகாவாட் 1981இல் வந்தது, பெரிய அளவுக்கு வர முப்பது வருஷம் பிடித்தது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட வேண்டும், ஒரு கிணற்றுக்குப் பல லட்சம் டாலர், போட்ட பிறகு போதுமான நீராவி இல்லையென்றால் அத்தனையும் நஷ்டம். தனியார் பெரும்பாலும் அந்த ஆபத்தை ஏற்கத் தயங்குவார்கள். 2008இல் கென்ய அரசு இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கி, துளையிடும் ஆபத்தைத் தான் ஏற்றுக்கொண்டது. வாழ்த்த வேண்டிய முடிவு. இரவும் பகலும் வறட்சியிலும் ஓடுகிற மின்சாரம் இன்று அவர்களுக்கு இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

நீர்மின்சாரத்தைச் சுத்தமானது என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுவார்கள். பிரேசில், பராகுவே எல்லையில் இத்தாய்ப்பு அணை 1,350 சதுர கிலோமீட்டரை மூழ்கடித்து 14,000 மெகாவாட் தருகிறது. பிரேசிலின் அமேசான் காட்டில் பால்பினா அணை சுமார் 2,360 சதுர கிலோமீட்டரை மூழ்கடித்து 250 மெகாவாட்தான் தருகிறது. மூழ்கிய காடு தண்ணீருக்கடியில் அழுகி மீத்தேன் வருகிறது, யூனிட்டுக்குக் கணக்கிட்டால் நிலக்கரியைவிட மோசம். வெப்பமான சமவெளியில் ஆழமில்லாத பெரிய ஏரியாக விரியும் அணை என்றால் எச்சரிக்கையாக இருங்கள், குறுகலான மலைப் பள்ளத்தாக்கு என்றால் பயம் குறைவு. இன்னொன்று, வறட்சி. ஜாம்பியா தன் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீரை நம்பியிருந்தது, 2024இல் கரிபா அணை வற்றியபோது நாளில் பெரும்பகுதி மின்வெட்டு. அப்படி வெட்டு வந்தால் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் டீசல் ஜெனரேட்டரைத்தான் போடுகின்றன, அது எந்த அரசுக் கணக்கிலும் முழுதாக வருவதில்லை.

பேனல் தயாரிக்கும்போது வருகிற கார்பன் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஐபிசிசி எனப்படும் ஐ.நா. காலநிலை மாற்றக் குழுவின் 2014 அறிக்கையில் உள்ள, உலக அளவிலான நடுத்தர மதிப்புகள், தயாரிப்பு முதல் கழிவு வரை சேர்த்து, யூனிட்டுக்கு: நிலக்கரி 820 கிராம், எரிவாயு 490, பெரிய சோலார் 48, புவிவெப்பம் 38, நீர் 24, காற்று 11. ஆகவே இந்த விஷயத்தில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கிராம அளவில் வந்தால் கணக்கு மறுபடி மாறும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. டீசல் பம்பை எடுத்துவிட்டு சோலார் பம்ப் வைத்தால் சேமிப்பு நேரடி, விவசாயியின் பாக்கெட்டுக்கும் நல்லது. தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் இருக்கிறது, இங்கே கட்டமைப்போடு இணைக்காத சோலார் பம்ப் வைத்தால், தண்ணீர் தேவைப்படாத மாதங்களில் பேனல் சும்மா வெயிலில் கிடக்கும். மின்வாரியக் கம்பியோடு இணைத்து மீதியை விற்க விட்டால் ஒவ்வொரு யூனிட்டும் நிலக்கரியைக் குறைக்கும், விற்கிற காசுக்காக விவசாயி தண்ணீரை அளவாக இறைக்கவும் வாய்ப்புண்டு. கட்டமைப்போடு இணைக்காத பம்பில் இறைக்க இறைக்கச் செலவே இல்லை, நிலத்தடி நீர் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வங்கதேசத்தில் 2003 முதல் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சின்னச் சின்ன சோலார் அமைப்புகள் கடனில் கொடுத்தார்கள். கார்பன் கணக்கில் பார்த்தால் மண்ணெண்ணெய் விளக்கு போனது மட்டும்தான், டன் கணக்கில் பெரிதில்லை. ஆனால் புகையில்லாத வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். இந்த மாதிரித் திட்டங்களைக் கார்பன் தராசில் மட்டும் நிறுத்தி 'பயனில்லை' என்று எழுதுவது அநியாயம். உலகத்தைச் சூடாக்கியதில் பங்கே இல்லாத குடும்பத்திடம் கார்பன் கணக்குக் கேட்கக்கூடாது, அவர்களுக்கு மின்சாரம் கொடுப்பதே போதுமான காரணம்.

ஒரு நாட்டுக்கு இதைச் செய்யப் போகிறீர்கள் என்றால் முதலில் வருஷத்தின் 8,760 மணி நேரத்துக்கும் எந்த நிலையம் எவ்வளவு ஓடியது என்ற தரவைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் வருகிற எந்த அறிக்கையையும் நான் நம்புவதில்லை. நிலக்கரி அதிகமுள்ள நாட்டில் பகல் சோலாரும் காற்றும் உடனே பலன் தரும், கூடவே சேமிப்பு. எண்ணெயில் ஓடும் நாட்டில் மாலை உச்ச நேரத்துக்குப் பேட்டரியோடு சோலார். ஏற்கனவே நீர்மின்சாரம் நிறைய இருக்கும் நாட்டில் அண்டை நாட்டுக்குப் போகும் மின்பாதைதான் முதல் வேலை, அதோடு பேருந்து, சமையல், தொழிற்சாலைக் கொதிகலன்களை மின்சாரத்துக்கு மாற்றுவது. தமிழ்நாட்டுக்கு என்றால், பாதைகளும் சேமிப்பும் ஒருபக்கம் இருக்கட்டும், முப்பந்தலில் முதல் தரமான காற்று வீசும் நிலத்தில் இன்னும் நிற்கிற பழைய 225, 250 கிலோவாட் இயந்திரங்களை இறக்கிவிட்டு, உயரமான கோபுரத்தில் இரண்டு மூன்று மெகாவாட் இயந்திரங்களை ஏற்றுவதைத்தான் முதலில் சொல்வேன். ஒரே இடத்தில் பல சிறு உரிமையாளர்கள், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வருஷத்து ஒப்பந்தம், துணை மின்நிலையத்தில் இடம் போதாது, இதனால்தான் வேலை இழுத்துக்கொண்டே போகிறது. உரிமையாளர்களைக் கூட்டாகச் சேர்த்து ஒரு புது இயந்திரத்தில் பங்கு கொடுக்கும் ஏற்பாட்டை அரசு முன்னின்று செய்தால் நிலத் தகராறு அதிகம் இல்லாமலே, இருக்கும் காற்றிலிருந்து பல மடங்கு யூனிட் எடுக்கலாம்.